அம்மாவுக்குக் கிட்னி கல் ஆபரேஷன்: நாடித்துடிப்பை ஆராய்ச்சிக்குப் பதிவு செய்யக் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

சின்னப்பாலம் மகள் கேட்டது:

வணக்கம். எனக்கு ஊர் பாம்பன் பக்கம் சின்னப்பாலம். உச்சிப்புளியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். கேட்கப்போவது என் அம்மாவைப் பற்றி. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 54 வயது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கடலில் பாசி எடுக்கப் போகிறவர். விடிவதற்குள் வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் இறங்கினால், முங்கி முங்கிப் பாசி பிடுங்கிவிட்டுக் கரைக்குத் திரும்ப மதியம் தாண்டிவிடும். குடிக்கக் கொண்டுபோவது ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். எங்கள் பக்கம் தோண்டினால் உப்புத்தான் வரும், நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதை அளந்து அளந்து குடித்தே அம்மாவுக்குப் பழகிவிட்டது. ஆண்களும் இருக்கிற வள்ளத்தில் ஒண்ணுக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த ஒரு பாட்டிலையும் பாதியோடு மூடி வைத்துவிடுவார்.

இடுப்புக்கு மேலே இடது பக்கம் வலி இருந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று இப்போதுதான் சொல்கிறார், எட்டு மாதமாம். வேட்டித் துணியைக் கிழித்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பாசிக்குப் போயிருக்கிறார். சிறுநீர் சிவப்பாகப் போனதையும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி குளிரும் வாந்தியுமாகச் சுருண்டு படுத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. சிடி ஸ்கேனில் இடது கிட்னியில் 22 மில்லிமீட்டர் கல், கிட்னியும் வீங்கியிருக்கிறது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முதுகு வழியாகத் துளை போட்டு எடுக்கும் ஆபரேஷன் என்று முடிவாகியிருக்கிறது. காப்பீட்டுக் கார்டில் செய்துவிடலாம் என்றார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லியிருக்கிறார்கள்.

இதுவரை குழப்பம் இல்லை. கிளம்பும் நேரத்தில் ஒரு இளம் டாக்டர் வந்து, கல் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களின் நாடித்துடிப்பை ஆபரேஷனுக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்த பிறகும் கருவியில் பதிவு செய்து ஆராய்ச்சி செய்வதாகவும், அம்மாவையும் சேர்த்துக்கொள்ள விருப்பம் என்றும் சொன்னார். விரலில் ஒரு கிளிப், மணிக்கட்டில் ஒரு பட்டை, அவ்வளவுதானாம். நான்கு பக்கத் தாளைக் கொடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு வரச்சொன்னார்.

அம்மாவின் தாத்தா அந்தக் காலத்தில் நாடி பார்க்கிறவர். அம்மாவுக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது, "எங்க தாத்தா கையைப் பிடிச்சே வயித்துக்குள்ள என்னன்னு சொல்லிருவாக. இவுகளும் நாடியிலயே பாக்குறாகன்னா அப்புறம் எதுக்கு முதுகுல ஓட்டை போடணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நாடியை வைத்துக் கல்லைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது என்றால் இந்த ஆராய்ச்சி எதற்கு? மாட்டேன் என்று சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்குப் புரியும்படி நான் எடுத்துச் சொல்ல வேண்டும், அதனால் விளக்கமாகவே எழுதுங்கள்.

தொண்டிப் பையன்:

அக்கா, நான் உயிர்மருத்துவப் பொறியியல் படித்தவன், இப்போது சென்னையில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

விரலில் மாட்டும் கிளிப், கொரோனா நேரத்தில் எல்லார் வீட்டிலும் பார்த்த அதே கிளிப்தான். ஒரு பக்கம் இரண்டு சின்ன விளக்கு: ஒன்று சிவப்பு, 660 நானோமீட்டர். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 940 நானோமீட்டர். எதிர்ப்பக்கம் ஒளியை வாங்கிக்கொள்ளும் உணரி. இதயம் ஒரு தடவை துடித்தால் விரல் நுனிக்குக் கொஞ்சம் ரத்தம் கூடுதலாக வரும், அப்போது அந்தப் பக்கம் போய்ச் சேரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்தக் கூடுதல் குறைச்சலைக் கோடாக வரைந்தால் அதுதான் நாடி அலை. இந்த முறையில் ஆக்சிஜனையும் அளக்கலாம் என்று 1974-ல் கண்டுபிடித்தவர் ஜப்பான்காரரான டக்குவோ அவோயாகி. நாடியைத் தாளில் கோடாக வரைவது அதற்கும் ரொம்ப முந்தியது. 1860 வாக்கிலேயே பிரான்சில் எத்தியேன் ஜூல் மாரே மணிக்கட்டில் கட்டும் நெம்புகோல் கருவி ஒன்றை வைத்து வரைந்து காட்டியிருக்கிறார்.

அந்தக் கோட்டில் ஒரு உச்சி இருக்கும், இறங்கும்போது ஒரு சின்னப் பள்ளம் விழும், அதற்குப் பிறகு ஒரு சின்ன மேடு. உச்சியின் உயரம், பள்ளம் விழும் இடம், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி, இதையெல்லாம் கணினியில் போட்டு அலசுவதுதான் சிக்னல் ஆராய்ச்சி. இதயம், ரத்தக்குழாய், நரம்பு இந்த மூன்றும் என்ன செய்கின்றன என்று அதில் ஓரளவு தெரியும். கல் தெரியாது. கிட்னிக்குள் கிடக்கும் கல்லிலிருந்து விரல் நுனிக்கு நேராக எந்தச் செய்தியும் வருவதில்லை. வலி, காய்ச்சல், தண்ணீர் வற்றிப்போவது என்று கல் உடம்பில் கிளப்பிவிடும் தொந்தரவு வேண்டுமானால் நாடியில் தெரியும், ஆனால் அதே மாற்றம் வேறு நூறு காரணத்தாலும் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடி அலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து நோயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வரும் கட்டுரைகளைப் படித்தால், எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள். ஒரே ஆளின் பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, சில துண்டைக் கற்றுக்கொடுக்கவும் மீதியைச் சோதிக்கவும் வைத்தால் கணினி நோயைக் கற்றுக்கொள்ளாது, ஆளை அடையாளம் கண்டுபிடிக்கத்தான் கற்றுக்கொள்ளும். முடிவு பிரமாதமாக வரும், புது ஆளிடம் போட்டால் விழுந்துவிடும். உங்களிடம் கேட்டவர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. அந்த இளம் டாக்டரிடம் இதைத் தைரியமாகக் கேளுங்கள், நல்ல ஆராய்ச்சியாளர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

தேவிபட்டினத்து மயக்க மருத்துவர்:

நான் மயக்கவியல் மருத்துவர். கல் ஆபரேஷன் அறையில் நோயாளியின் தலைமாட்டில் நிற்பதுதான் என் வேலை, அதனால் அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஆராய்ச்சிக்குச் சம்மதிக்காவிட்டாலும் ஆபரேஷனில் எந்த மாற்றமும் இருக்கக்கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில் விவரத்தாள் தர வேண்டும், நடுவில் விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. உங்களிடம் தந்த நான்கு பக்கத்தில் இவை இருக்கின்றனவா, கேள்வி கேட்கத் தொலைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுக்காகக் கூடுதலாக ஊசி, ரத்தம் எடுத்தல், செலவு ஏதாவது உண்டா என்றும் வாய்விட்டுக் கேளுங்கள். கிளிப் மட்டும்தான் என்றால் அம்மாவுக்குக் கூடுதல் ஆபத்து என்று சொல்ல எதுவும் இல்லை. அந்தக் கிளிப் இல்லாமல் நாங்கள் யாரையும் மயக்குவதே கிடையாது.

அம்மா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நாடி கல்லை எடுக்காது. 20 மில்லிமீட்டருக்கு மேல் போன கல்லுக்கு முதுகு வழித் துளைதான் முதல் வழி என்று உலக வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. 1976-ல் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் என்ற இருவர் இதை முதன்முதலில் செய்து எழுதினார்கள். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட கல்லுக்கு விலாவுக்குக் கீழே நீளமாகத் திறக்க வேண்டியிருந்தது. இப்போது சுமார் 1 சென்டிமீட்டர் துளை, சில சமயம் அதிலும் சிறியது. அதன் வழியே குழாயை விட்டு, கல்லை உடைத்து, துண்டுகளை எடுத்து, உப்புநீரால் கழுவிவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் நாடி எங்களுக்கு உதவுகிறது. முழு மயக்கத்தில் இருப்பவருக்கு வலிக்கிறது என்று சொல்ல வாய் கிடையாது. பல நேரம் குப்புறப் படுக்கவைத்திருப்போம், முகம்கூடத் தெரியாது. ஆனால் துளை போடும்போது மருந்து போதவில்லை என்றால் உடம்பு சும்மா இருக்காது. விரல் நுனி ரத்தக்குழாய்கள் சுருங்கும், நாடி அலையின் உயரம் குறையும், துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியும் குறையும். இந்த இரண்டையும் சேர்த்து 0 முதல் 100 வரை எண்ணாகக் காட்டும் சர்ஜிக்கல் பிளெத் இண்டெக்ஸ் என்ற அளவுகோலே இருக்கிறது. 50-க்கு மேல் போனால் வலி மருந்து போதுமா என்று யோசிப்போம். இது முழு மயக்கத்தில் இருப்பவர்களுக்காக ஏற்பட்ட அளவு. விழித்திருப்பவரிடம் பயம், குளிர், பேச்சு எல்லாமே அலையை மாற்றிவிடும், அப்போது அந்த எண்ணை அவ்வளவு நம்ப முடியாது. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் இதயத் துடிப்புக் கோளாறும்கூட எண்ணைக் கெடுக்கும். அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு பயனும் உண்டு. மூச்சுக்கருவி மூச்சைத் தள்ளும்போதும் விடும்போதும் நாடி அலையின் உயரம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் அளவுக்கு மேல் போனால் உடம்பில் நீர் போதவில்லை, சிரை வழியாக ஏற்றலாமா என்று யோசிக்கலாம். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை அளந்து குடித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன்.

கல்லுக்கும் இதயத்துடிப்புக்கும் பழைய உறவு ஒன்றும் உண்டு. வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைக்கும் முறையில் 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக்கில் முதல் நோயாளிக்கு வைத்தியம் செய்தார்கள். அந்தக் காலக் கருவிகளில் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஒவ்வொரு அதிர்வையும் இசிஜியைப் பார்த்து இதயத்துடிப்போடு சேர்த்தே விடுவார்கள். நேரம் தப்பி விழுந்தால் இதயம் தாளம் மாறிவிடுமோ என்ற பயம். அப்புறம் வந்த ஆய்வுகளில், நிமிடத்துக்கு 120 அதிர்வு விடுவதைவிட 60 விட்டால் கல் நன்றாக உடைகிறது என்றும் தெரியவந்தது.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள் ரொம்ப முக்கியம். கல்லுக்குள் கிருமி தங்கியிருந்தால் உடைக்கும்போது ரத்தத்தில் கலந்துவிடும். கல்ச்சருக்கு அனுப்பியது அதற்காகத்தான், நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். துடிப்பு 90-க்கு மேலேயே நிற்பது, காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டுவது அல்லது உடம்பு 36-க்குக் கீழே சில்லிட்டுப்போவது, மூச்சு நிமிடத்துக்கு 20-க்கு மேல் இரைப்பது, இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் செவிலியரைக் கூப்பிடுங்கள். வலியை மறைக்கும் பழக்கம் உள்ளவர் என்பதை மருத்துவக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். எங்களுக்கு அது ஒரு சோதனை முடிவுக்குச் சமம்.

ஏர்வாடி சித்த மருத்துவர்:

மகளே, நான் சித்த மருத்துவம் படித்து இருபது வருடமாக இந்தக் கரையில் வைத்தியம் பார்க்கிறேன். உன் பூட்டனார் பார்த்த நாடியைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு இடது கை. ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் ஐயம், அதாவது கபம். மூன்றும் ஒன்று, அரை, கால் மாத்திரை (நாடித் துடிப்பின் அளவு) என்ற கணக்கில் ஓடினால் உடம்பு சமநிலையில் இருக்கிறது என்பது நூல் வழக்கு. விரலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, உடம்பின் நிலையைக் கை வழியாகக் கேட்கும் முறை அது. நல்ல வைத்தியர் நாடியை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார மாட்டார். நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர், தொடு உணர்வு, இவற்றோடு நாடி என்று எட்டையும் சேர்த்தே பார்ப்பார். உன் பூட்டனார் கையைப் பிடித்துக்கொண்டே முகத்தையும் பார்த்திருப்பார், நடையையும் பார்த்திருப்பார். அம்மாவுக்கு ஞாபகத்தில் நிற்பது கை மட்டும்.

கல்லடைப்பு நம் நூல்களில் இருக்கிறது. மருந்தும் இருக்கிறது: சிறுபீளை, நெருஞ்சில், மாவிலங்கு. சிறுபீளை என்றால் வேறொன்றும் இல்லை, பொங்கலுக்கு வாசலில் காப்புக் கட்டுகிறோமே, கண்ணுப்பிள்ளைப் பூ, அதுதான். சின்னக் கல்லோடு வருகிறவர்களுக்கு நானே கொடுக்கிறேன், அதுவும் ஸ்கேன் பார்த்துவிட்டு. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். 22 மில்லிமீட்டர், கிட்னி வீக்கம், காய்ச்சல் என்று வந்தால் நான் கஷாயம் தரமாட்டேன், மதுரைக்கு அனுப்பிவிடுவேன். உன் பூட்டனார் இன்று இருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று அம்மாவிடம் சொல். இதற்கிடையில் வாழைத்தண்டுச் சாறோ நாட்டு மருந்தோ எது குடித்திருந்தாலும் மயக்க மருத்துவரிடம் ஒளிக்க வேண்டாம்.

பெரியபட்டினம் காக்கா:

தங்கச்சி, மேலே எல்லாரும் பெரிய விஷயம் சொல்லிவிட்டார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள், டிஜே ஸ்டென்ட் என்று பெயர். கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பை வரைக்கும் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. எனக்கு வைத்த இடத்தில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை, கொடுத்த தாளில் ஒரு மூலையில் எழுதியிருந்ததாம். நான் வலி விட்டதும் விசா வந்துவிட்டது என்று துபாய்க்குப் போய்விட்டேன். ஒன்றரை வருடம் கழித்து வந்தால் அந்தக் குழாய் மேலேயே கல் படிந்து, அதை எடுக்கத் தனியாக இரண்டு தடவை ஆபரேஷன். உம்மா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. வைத்தார்களா, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்னால் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதி வீட்டில் ஒட்டிவிடு. குழாய் உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வரும், போகும்போது முதுகில் சுரீர் என்று இழுக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம்.

சின்னப்பாலம் மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆபரேஷன் முடிந்து நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம். நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு இன்னொருத்தர் இதே கேள்வியோடு வந்தால் உதவும்.

போவதற்கு முந்தின ராத்திரி அந்த நான்கு பக்கத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நெறிமுறைக் குழுவின் பெயர், போன் நம்பர், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது எல்லாம் இருந்தது. தொண்டித் தம்பி சொன்னபடி எத்தனை பேர் என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். எண்ணிக்கையைச் சொன்னார், ஒருவருடைய பதிவைப் பிரிக்காமல் முழுசாக ஒரே பக்கம் வைப்பதாகவும் சொன்னார். இதை யார் கேட்கச் சொன்னது என்று ஆச்சரியப்பட்டார். ஏர்வாடி சித்த மருத்துவர் சொன்னதையும் அம்மாவிடம் சொன்னேன், பூட்டனாரும் மதுரைக்குத்தான் அனுப்பியிருப்பார் என்று. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவுக முகத்தையும் பாப்பாக, நெசந்தான்" என்றார். மறுநாள் மகளிர் குழுவில் கற்றுக்கொண்ட கையெழுத்தைப் போட்டார்.

முதல் பதிவு ஆபரேஷனுக்கு முந்தின நாள். அங்கேதான் சிக்கல். ஆள்காட்டி விரலில் கிளிப்பை மாட்டினால் கோடு வரவே இல்லை. நேராகப் போகிறது, நடுவில் லேசாக ஒரு நடுக்கம், மறுபடி நேர்கோடு. கருவி கோளாறு என்று வேறொன்று கொண்டுவந்தார்கள், அதிலும் அப்படியே. அப்போதுதான் பதிவு எடுக்க வந்த பெண் அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். பாசி பிடுங்கும்போது பாறையும் சிப்பியும் கிழிக்கும் என்று விரலுக்கு விரல் துணி சுற்றித்தான் இறங்குவார்கள். துணியையும் மீறிக் கிழித்து, ஆறி, மறுபடி கிழித்து, அம்மாவின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் ஓடு மாதிரி இருக்கும். நகத்தோரம் உப்பில் வெந்து வெள்ளையாகப் பிளந்திருக்கும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கை, ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு வெளியாள் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். ஏசியில் கை சில்லென்றும் இருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றிவைத்து, இடது கை மோதிர விரலில் மாட்டினார்கள். கோடு எழுந்தது. உச்சி, இறக்கத்தில் சின்னப் பள்ளம், தம்பி எழுதியது அப்படியே தெரிந்தது.

மறுநாள் ஆபரேஷன், உள்ளே இரண்டரை மணி நேரம். முடிந்து வெளியே வந்த மயக்க டாக்டரிடம் கேட்டேன். துளை போடும் நேரத்தில் அலை சுருங்கியதாகவும், வலி மருந்தைக் கூட்டியதும் பழையபடி வந்துவிட்டதாகவும் சொன்னார். தண்ணீரும் ஏற்ற வேண்டியிருந்ததாம். தேவிபட்டினம் டாக்டர் ஐயா எழுதியதை நான் முன்பே படித்திருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரிந்ததே பெரிய தைரியம், ஐயா.

எனக்கு மறக்காதது அதற்குப் பிறகு நடந்தது. அம்மாவுக்கு முழிப்பு வந்து ஒரு மணி நேரம் இருக்கும். வலிக்கிறதா என்று சிஸ்டர் கேட்டார். அம்மா இல்லை என்றார். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் அதற்கும் இல்லை. திரையில் துடிப்பு 112. அம்மாவின் வலது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது, விரல் மூட்டு எல்லாம் வெளுத்திருந்தது. நான் முதல் நாளே, இவர் வலியைச் சொல்ல மாட்டார் என்று சொல்லிவைத்திருந்தேன். சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வந்து முதலில் காய்ச்சலைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், பையில் இறங்கும் சிறுநீரில் ரத்தம் கூடுதலா என்று பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் குனிந்து, "அம்மா, உங்க நாடி வலிக்குதுன்னு சொல்லுது. நீங்க இல்லைங்கிறீங்க. நான் யாரை நம்ப?" என்றார். அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "கொஞ்சம் இருக்குங்கய்யா" என்றார். என் வாழ்நாளில் அம்மா வாயால் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொட்டு மருந்தில் ஒன்று சேர்த்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் 84-க்கு இறங்கியது, கம்பியைப் பிடித்த கையும் தளர்ந்தது. நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ச்சல் வரவில்லை. கல்லைச் சோதனைக்கு அனுப்பினார்கள், கால்சியம் ஆக்சலேட். பாலை நிறுத்த வேண்டாம், உப்பைக் குறையுங்கள் என்றார் உணவு ஆலோசகர். சாப்பாட்டில் உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடுமாம். கருவாடு இல்லாமல் எங்கள் வீட்டில் கஞ்சி இறங்காது, அதுதான் அம்மாவுக்குப் பெரிய கவலை. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். வள்ளக்கார அண்ணனிடம் பேசிவிட்டேன், இனிமேல் 20 லிட்டர் கேன் ஒன்று வள்ளத்திலேயே இருக்கும், காசைப் பாசிக்குப் போகிற பெண்கள் எல்லாருமாகப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு. அவர்களில் இரண்டு பேர் தங்களுக்கும் அதே இடத்தில் வலி இருப்பதாக இப்போதுதான் சொல்கிறார்கள். இந்த வாரம் ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிறேன்.

காக்கா, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். எடுக்கும் தேதியைக் கதவில், சாமி படத்துக்குக் கீழே, என் போனில் மூன்று இடத்திலும் போட்டுவிட்டேன்.

தொண்டிப் பையன்:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஒரே ஒரு சந்தேகம். விரல் மாற்றியதை அவர்கள் பதிவில் எழுதிக்கொண்டார்களா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆள்காட்டி விரலில் சிக்னல் வரவில்லை என்றால் அந்த ஆளையே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படி எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் கையால் உழைக்காதவர்களின் நாடி மட்டும்தான் ஆராய்ச்சியில் மிஞ்சும்.

சின்னப்பாலம் மகள்:

எழுதிக்கொண்டார்கள் தம்பி. அந்தப் பெண் பாரத்தில் ஒரு கட்டத்தில் குறித்ததை நானே பார்த்தேன். என்ன எழுதுறாக என்று அம்மா கேட்டார், வாசித்துக் காட்டினேன்: "கடல்பாசி எடுப்பவர். விரல் நுனித் தோல் தடித்துள்ளது. இடது மோதிர விரலில் பதிவு." இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தேன்.